ஒரு டிஸ்க்கா, நாலு டிஸ்க்கா? லினக்ஸில் இரட்டைப் பாதையை எதை வைத்து உறுதி செய்வது

"ஏனுங்ணா, 2 டிபி லன் ஒண்ணுதானுங்களே கேட்டிருந்தோம்? இங்க எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇன்னு நாலு டிஸ்க் காட்டுதுங்க." திருப்பூர், கரூர் பக்கம் ஏற்றுமதிக் கம்பெனிகளில் புது ஸ்டோரேஜ் பெட்டி இறங்குகிற அன்று சர்வர் பார்க்கும் தம்பி இதைக் கேட்காமல் இருப்பது அபூர்வம். லன் என்பது ஸ்டோரேஜ் பெட்டி வெட்டிக் கொடுக்கும் டிஸ்க், எஸ்டிபி, எஸ்டிசி எல்லாம் லினக்ஸ் அதற்கு வைக்கும் பெயர். "எல்லாம் ஒரே டிஸ்க்தான் தம்பி, பாதைதான் நாலு" என்று பதிலும் உடனே வந்துவிடும். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். நாலில் மூன்று ஒன்றாகவும் நாலாவது வேறாகவும் இருந்துவிட்டால்தான் வில்லங்கம். இதைக் கண்டுபிடிக்க லினக்ஸில் ஐந்தாறு வழிகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

நாலாகத் தெரிவதன் காரணம் எளிது. சர்வரில் ஸ்டோரேஜுக்கென்று இரண்டு போர்ட், பெட்டியில் இரண்டு கன்ட்ரோலர். ஸ்விட்ச் வழியாக எல்லாம் எல்லாவற்றையும் பார்த்தால் 2 × 2 = 4. ஒரே தோட்டத்துச் சாளைக்கு நாலு தடம் போகிற மாதிரி. கெர்னல் சாளையைப் பார்த்துப் பெயர் வைப்பதில்லை, தடத்தைப் பார்த்து வைக்கிறது. ஹோஸ்ட், சேனல், டார்கெட், லன் என்று நாலு எண் கொண்ட முகவரி ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் எஸ்டி பெயர்.

நான் பார்த்தவரை இங்கே நடுத்தரக் கம்பெனிகளில் நெட்வொர்க் வழியாக டிஸ்க்கைக் கொடுக்கும் ஐஸ்கஸிதான் அதிகம். அதில் இது தெரியாமலேயே நடந்துவிடும். டிஸ்கவரிக்கு ஒரே ஒரு ஐபியைத்தான் கொடுப்பீர்கள். பெட்டி தன்னிடமுள்ள எல்லா போர்ட்டல் (இணைப்பு வாசல்) முகவரிகளையும் திருப்பிச் சொல்லும். அடுத்து எதையும் குறிப்பிடாமல் லாகின் கட்டளையைக் கொடுத்தால், பதிவான அத்தனை போர்ட்டலுக்கும் தனித்தனி செஷன் திறந்துவிடும். கேட்டது ஒரு டிஸ்க், வந்தது நாலு.

தெரியாமல் விட்டால் என்ன ஆகும்? எஸ்டிபியை மவுண்ட் செய்து ஈஆர்பி டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும். டிஸ்க் பட்டியல் காட்டும் எல்எஸ்பிஎல்கே கட்டளையைப் போட்டால் எஸ்டிசிக்கு எதிரே மவுண்ட் பாயின்ட் காலியாக இருக்கும். "இது சும்மாதான கெடக்கு" என்று யாராவது அதை ஃபார்மேட் செய்தால், ஓடுகிற டேட்டாபேஸின் அடியிலேயே கத்தி. இரண்டு பெயரிலும் ஒரே எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தை மவுண்ட் செய்வதும் அதே கதைதான். கெர்னலுக்கு அவை இரண்டு தனிச் சாதனங்கள், இரண்டுக்கும் தனித்தனி கேஷ். ஒன்றில் எழுதியது மற்றதற்குத் தெரியாது, மெட்டாடேட்டா சிதைந்துபோகும்.

எதிர்த்திசையிலும் ஆபத்து உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. உண்மையில் வேறான இரண்டு டிஸ்க்குகளை ஒன்று என்று நம்பி மல்டிபாத்தில் (பல பாதைகளை ஒரே டிஸ்க்காகக் கட்டும் லினக்ஸ் சேவை) கோத்துவிட்டால், எழுதுவதில் பாதி ஒன்றுக்கும் பாதி மற்றதற்கும் போகும். இரண்டுமே போச்சு. ஆகவே ஒரு வழியை எடைபோடும்போது இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும்: ஒன்றாக இருப்பதை ஒன்று என்று சொல்கிறதா? வேறாக இருப்பதை வேறு என்று சொல்கிறதா?

கண்ணால் பார்த்துச் சொல்வது

அளவும் மாடல் பெயரும் ஒன்றாக இருக்கிறது என்பது சான்றே இல்லை. பெட்டியைப் பிரிக்கிறவர் 2 டிபி, 2 டிபி என்று சமமாகத்தான் வெட்டியிருப்பார். அளவு வேறாக இருந்தால் பெரும்பாலும் வேறு டிஸ்க் என்று கழிக்கலாம், அதற்கு மட்டும் உதவும். அதிலும் ஒரு விதிவிலக்கு: பெட்டியில் லன்னை இப்போதுதான் பெரிதாக்கினீர்கள், சர்வரில் ஒரு பாதையை மட்டும் ரீஸ்கேன் செய்தீர்கள் என்றால் ஒரே டிஸ்க் இரண்டு அளவில் தெரியும்.

லன் எண் ஒன்றாக இருக்கிறது என்பதைப் பலர் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். லன் எண் ஒவ்வொரு டார்கெட்டுக்குள்ளும் தனியாக எண்ணப்படுவது. சர்வரில் இரண்டு பெட்டிகள் இணைந்திருந்தால் இரண்டிலும் லன் 1 இருக்கும், இரண்டும் வேறு வேறு டிஸ்க்.

டெவ் அடைவுக்குள் டிஸ்க் என்ற அடைவில் பை-ஐடி, பை-பாத் என்று இரண்டு இருக்கின்றன. பை-பாத்தில் நாலு பாதைக்கும் நாலு பெயர் தெரியும். பிசிஐ முகவரி, ஐஸ்கஸி என்றால் போர்ட்டலின் ஐபி, லன் எண் எல்லாம் அந்தப் பெயரிலேயே இருக்கும். எந்த கேபிள் எது என்று கண்டுபிடிக்க அருமையான இடம். நாலும் ஒரே டிஸ்க்தானா என்பதை மட்டும் அது சொல்லாது. பை-ஐடியின் சங்கதி தலைகீழ். அடையாள எண்ணை வைத்து ஒரே ஒரு லிங்க்தான் அங்கே இருக்க முடியும். நாலு பாதையும் அந்த ஒரே பெயருக்குப் போட்டியிட்டு ஒன்று மட்டும் ஜெயிக்கும். ஆக, அங்கே ஒரு லிங்க் மட்டும் இருப்பதைப் பார்த்து "ஒரு பாதைதான் இருக்கு" என்று முடிவுகட்டினால் தவறு. இரட்டையைக் காட்ட வேண்டிய இடம் இரட்டையை மறைக்கிறது.

டிஸ்க்கில் எழுதியிருப்பதை வைத்துச் சொல்வது

அதிகம் பேர் செய்வது இதைத்தான். பிஎல்கேஐடி கட்டளையைப் போட்டு, நாலிலும் ஒரே யூயூஐடி (ஃபார்மேட் செய்யும்போது எழுதப்படும் தனி எண்) வந்தால் ஒரே டிஸ்க் என்பார்கள். கையில் இருக்கிற கருவி, தனியாக எதையும் நிறுவ வேண்டாம், கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. யூயூஐடி என்பது டிஸ்க்கின் அடையாளம் அல்ல, டிஸ்க்கின்மேல் எழுதப்பட்ட விஷயம். எழுதப்பட்டதை நகலெடுக்கலாம்.

ஸ்டோரேஜ் பெட்டியில் ஸ்னாப்ஷாட்டோ குளோனோ எடுத்து, பழைய தரவை மீட்க அதே சர்வருக்கே காட்டுவது வழக்கமான வேலை. அந்தக் குளோனிலும் யூயூஐடி அதேதான் இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் இதைக் கவனித்து, ஏற்கெனவே மவுண்ட் ஆன யூயூஐடியை இரண்டாம் முறை மவுண்ட் செய்ய மறுக்கும். நோயூயூஐடி என்ற ஆப்ஷன் கொடுத்தால்தான் விடும். டிஸ்க்குகளைச் சேர்த்துப் பிரித்துத் தரும் எல்விஎம்மும் நகல் பிவி (அதன் அடியிலுள்ள டிஸ்க்) இருப்பதாக எச்சரிக்கும், புதிய பதிப்புகள் அந்த வால்யூம் குரூப்பை இயக்கவே மறுக்கலாம். ஆனால் அந்த எச்சரிக்கை வருவது இரட்டைப் பாதையாலா, குளோனாலா என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். பாதை என்றால் மருந்து மல்டிபாத். குளோன் என்றால் விஜிஇம்போர்ட்குளோன் போட்டு அடையாளத்தை மாற்ற வேண்டும். மருந்தை மாற்றிக் கொடுத்தால் நோய் முற்றும்.

மறுபக்கமும் பாருங்கள். இந்தக் கேள்வி எழுவது பெரும்பாலும் புது டிஸ்க் வந்த அன்று. அன்றைக்கு அதில் யூயூஐடியே இருக்காது, பிஎல்கேஐடி எதுவும் சொல்லாது. சரி என்று எஸ்டிபியை ஃபார்மேட் செய்கிறீர்கள். சாதனங்களைக் கவனித்துப் பதிவு வைக்கும் யூடெவுக்கு எஸ்டிபி மாறியது மட்டும்தான் தெரியும். எஸ்டிசியைப் பற்றிய அதன் பதிவு பழையபடியே கிடக்கும். எல்எஸ்பிஎல்கே -எஃப் போட்டால் ஒன்றில் யூயூஐடி இருக்கும், மற்றதில் காலியாக இருக்கும். ஒரே டிஸ்க் இரண்டாகத் தெரியும் இடம் இது. முன்பு கேட்ட இரண்டு கேள்விகளிலும் இந்த வழி தோற்கிறது.

முதல் சில எம்பியைப் படித்து செக்சம் ஒப்பிடுவதும் இதே குடும்பம்தான். வெறும் டிஸ்க் இரண்டும் பூஜ்யமாக இருந்தால் செக்சம் ஒன்றாகத்தான் வரும். பெட்டியில் ஸ்டான்ட்பை நிலையில் இருக்கும் கன்ட்ரோலர் வழியாகப் படித்தால் பிழைதான் கிடைக்கும், ஒப்பிடவே முடியாது. எஸ்டிபியில் ஒரு குறி எழுதி எஸ்டிசியில் படித்துப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அதில் தரவு இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், அதுவும் கேஷைத் தாண்டி நேரடியாகப் படித்தால், அது ஒத்துக்கொள்ளத்தக்க சான்று. ஆனால் தரவு இருக்கிறதா என்றே தெரியாத டிஸ்க்கில் எழுதிப் பார்ப்பதை ஒரு வழியாக நான் சேர்க்க மாட்டேன்.

டிஸ்க்கையே கேட்பது

மிச்சமிருப்பது, டிஸ்க்கிடமே "நீ யார்?" என்று கேட்பது. ஸ்கஸியில், அதாவது சர்வர் டிஸ்க்கோடு பேசும் மொழியில், இதற்கு இரண்டு பக்கங்கள் உண்டு. 80 என்ற பக்கத்தில் சீரியல் எண், 83 என்ற பக்கத்தில் சாதன அடையாளம். 80, 83 என்ற பக்க எண்கள் இரண்டும் பதினாறடிமான எண்கள்.

சீரியல் எண் தனி ஹார்ட் டிஸ்க்குக்கு நன்றாக வேலை செய்யும். எஸ்ஏஎஸ் டிஸ்க்குகளில் இரண்டு போர்ட் இருக்கும். இரண்டு எக்ஸ்பாண்டர் (இணைப்பைப் பல டிஸ்க்குக்குப் பிரிக்கும் சிப்) உள்ள ஜேபாட் பெட்டியில் (வெறும் டிஸ்க் அடுக்கு) 24 டிஸ்க் போட்டால் லினக்ஸில் 48 தெரியும். அங்கே சீரியலை வைத்து ஜோடி சேர்த்துவிடலாம். லன் என்று வரும்போது அதை நம்ப முடியாது, பெட்டியின் சீரியலையே எல்லா லன்னுக்கும் சொல்லும் கருவிகளும் உண்டு. மலிவான யூஎஸ்பி பெட்டிகள் இன்னும் மோசம். உள்ளே எந்த டிஸ்க்கைப் போட்டாலும் பெட்டியிலுள்ள பிரிட்ஜ் சிப் ஒரே பொய் எண்ணைச் சொல்லும். அப்படி இரண்டு பெட்டிகளை பேக்கப்புக்கு என்று ஒரே சர்வரில் செருகினால், வேறு வேறு டிஸ்க்குகள் ஒன்றாகத் தெரியும். மல்டிபாத் ஓடும் சர்வரில் யூஎஸ்பி டிஸ்க்குகளை பிளாக்லிஸ்ட்டில் போடச் சொல்வது இதனால்தான்.

என் தேர்வு 83. இதில் வரும் என்ஏஏ வகை எண்ணில் தயாரிப்பாளருக்கு ஐஇஇஇ ஒதுக்கிய 24 பிட் குறியீடு இருக்கும், அதனால் இரண்டு கம்பெனிகளின் எண்கள் மோதிக்கொள்ளாது. 36001405 என்று தொடங்கினால் லினக்ஸின் எல்ஐஓ டார்கெட், 36005076 என்றால் ஐபிஎம், 36006016 என்றால் இஎம்சி. முதலில் வரும் 3 யூடெவ் சேர்ப்பது, அடுத்த 6 என்ஏஏ வகை, பிறகு வரும் ஆறு இலக்கம் கம்பெனி. சர்வருக்குள் உட்கார்ந்தபடியே எந்தப் பெட்டியின் லன் என்று சொல்லிவிடலாம். குளோனுக்குப் புது எண், அதே லன்னுக்கு எந்தப் பாதையில் வந்தாலும் அதே எண். இரண்டு கேள்வியிலும் இது தேறுகிறது.

ஆனால் இதிலும் மூன்று இடங்களில் கால் இடறும்.

ஒன்று, 83ஆம் பக்கத்தில் ஒரே ஒரு எண் மட்டும் இருப்பதில்லை. லன்னுக்கான அடையாளமும் இருக்கும், கேள்வி எந்த போர்ட் வழியாக வந்ததோ அந்த டார்கெட் போர்ட்டின் அடையாளமும் இருக்கும். போர்ட்டின் எண் பாதைக்குப் பாதை மாறத்தான் செய்யும். எஸ்ஜி_விபிடி கட்டளை எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டும்போது, அவசரத்தில் போர்ட் எண்களை ஒப்பிட்டுவிட்டு "நாலும் வேற வேறங்ணா" என்று சொல்லிவிடுவார்கள். லாஜிக்கல் யூனிட் என்ற தலைப்பின்கீழ் வருவதை மட்டும் பார்க்க வேண்டும்.

இரண்டு, யூடெவ் இந்த எண்ணை இரண்டு விதமாக வைத்திருக்கிறது. ஐடி_டபிள்யூடபிள்யூஎன் என்பதில் முன்பாதி 16 இலக்கம் மட்டும், முழு 32 இலக்கம் விரிவு சேர்ந்த இன்னொரு பெயரில். பல பெட்டிகளில் எல்லா லன்னுக்கும் முன்பாதி ஒன்றேதான், வித்தியாசமே பின்பாதியில்தான் வரும். முன்பாதியை மட்டும் ஒப்பிட்டால் பெட்டியிலுள்ள பத்து லன்னும் ஒரே டிஸ்க் ஆகிவிடும். சாதா சாட்டா டிஸ்க்குக்கு 16 இலக்கமே முழு எண், அதில் கவலையில்லை. 6இல் தொடங்கும் எண் 16 இலக்கத்தில் நின்றால் பாதியைத்தான் பார்க்கிறீர்கள்.

மூன்று, எண்ணே இல்லாத டிஸ்க்குகள். விஎம்வேரில் ஓடும் லினக்ஸில் டிஸ்க்.எனேபிள்யூயூஐடி என்ற அமைப்பை இயக்காவிட்டால் டிஸ்க் தன் அடையாளத்தைச் சொல்லாது, மல்டிபாத் சேவை லாகில் புலம்பிக்கொண்டே இருக்கும். கேவிஎம் விர்ச்சுவல் மெஷினில் வர்ட்டியோ டிஸ்க்குக்கு நாம் சீரியல் கொடுத்தால்தான் உண்டு. எண்களைத் திரட்டி எது இரண்டு முறை வருகிறது என்று பார்க்கும் ஸ்கிரிப்ட்டில், இப்படி வெறுமையாக வருகிற எல்லாமே ஒரே டிஸ்க் என்று சேர்ந்துவிடும். வெற்று வரியை முதலிலேயே வடிகட்டுங்கள்.

இந்த எண்ணை எடுக்க எந்தக் கருவி? தினசரிக்கு எல்எஸ்பிஎல்கே கட்டளையில் -ஓ போட்டு நேம், சைஸ், டபிள்யூடபிள்யூஎன், எச்சிடிஎல் (முன்பு சொன்ன நாலு எண் முகவரி) என்ற நெடுவரிசைகளைக் கேட்பது போதும். ஆனால் அது காட்டுவது யூடெவ் எழுதிவைத்த பதிவு, டிஸ்க் இப்போது சொல்வது அல்ல. நேரடியாகக் கேட்க வேண்டுமானால் ஸ்கஸி_ஐடி. இது யூடெவோடு கூடவே வரும், ஆனால் வழக்கமான கட்டளை அடைவுகளில் இருக்காது, யூஎஸ்ஆர் அடைவுக்குள் லிப், அதற்குள் யூடெவ் என்று தேடிப் போக வேண்டும். ரெஸ்க்யூ ஷெல்லில் மாட்டிக்கொண்டு எந்தக் கருவியும் இல்லையென்றால் கெர்னல் தன் தகவலைக் கோப்புகளாகக் காட்டும் சிஸ்எஃப்எஸ்ஸில் ஒவ்வொரு எஸ்டி பெயருக்கும் கீழே டிவைஸ் அடைவில் டபிள்யூடபிள்யூஐடி என்ற கோப்பு இருக்கும், கேட் போட்டால் போதும். எல்லா டிஸ்க்குக்கும் சேர்த்து கேட் போட்டு, சார்ட், யூனிக் -சி வழியாக அனுப்பினால் எந்த எண் எத்தனை முறை என்று ஒரே வரியில் பதில். கவனிக்க: சிஸ்எஃப்எஸ் என்ஏஏ.6001405 என்று எழுதும், ஸ்கஸி_ஐடி 36001405 என்று எழுதும். எண் ஒன்றுதான், முன்னொட்டுதான் வேறு. எஸ்டிபிக்கு ஒரு கருவி, எஸ்டிசிக்கு இன்னொரு கருவி என்று ஒப்பிடக் கூடாது.

மல்டிபாத்திடம் விட்டுவிடுவது

கையால் கண்டுபிடிப்பது அறிந்துகொள்ளத்தான். பாதை இரண்டு இருக்கிறது என்று தெரிந்தபின் மல்டிபாத் இல்லாமல் ஓட்டுவதற்குக் காரணம் எனக்குத் தெரிந்து இல்லை. அதுவும் யூடெவ் வழியாக இதே 83ஆம் பக்க எண்ணைத்தான் எடுக்கிறது, கூடவே நாலையும் ஒரு டிஎம் (டிவைஸ் மேப்பர்) சாதனமாகக் கட்டி, எஸ்டி பெயர்களை வேறு யாரும் தனியாகப் பிடித்துவிடாமல் வைத்திருக்கிறது. எதையும் கட்டாமல் கண்டுபிடிக்க மட்டும் வேண்டுமென்றால் மல்டிபாத் -டி -வி3 போடலாம். ஒவ்வொரு பாதைக்கும் எதிரே அடையாள எண்ணை எழுதிக் காட்டும், எதையும் மாற்றாது.

பலர் குழம்புவது ஃபைண்ட்_மல்டிபாத்ஸ் என்ற அமைப்பில். யெஸ் என்று வைத்தால் ஒரே எண்ணில் இரண்டு பாதை கண்டதும் கட்டும். ஸ்ட்ரிக்ட் என்று இருந்தால் முன்பே பதிவுக் கோப்பில் உள்ள எண்களை மட்டும் கட்டும். மூலப் பதிப்பின் இயல்பு இந்த ஸ்ட்ரிக்ட்தான். சேவை ஓடுகிறது, பாதை நாலு இருக்கிறது, மல்டிபாத் -எல்எல் போட்டால் ஒன்றுமே வரவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள். மல்டிபாத் -ஏ என்று கொடுத்து எண்ணைப் பதிவில் சேர்த்தால் சரியாகிவிடும். கிரீடி என்று வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், உள்ளே இருக்கும் ஒற்றை பூட் டிஸ்க்கையும் அது கட்டிவிடும்.

என்விஎம்இ டிஸ்க்குகளில் இந்தப் பாடு பெரும்பாலும் இல்லை. 2018 ஜனவரியில் வந்த 4.15 கெர்னலிலிருந்து மல்டிபாத் அதற்குள்ளேயே இருக்கிறது. அது இயங்கும்போது எத்தனை பாதை இருந்தாலும் ஒரே பெயர்தான் தெரியும், பாதைகளைப் பார்க்க என்விஎம்இ லிஸ்ட்-சப்சிஸ் போதும்.

சரி, யார் எதை எடுப்பது? உங்களிடம் இருப்பது உள்ளே திருகிய சாட்டா டிஸ்க்கும் ஒரு யூஎஸ்பி பெட்டியும்தான் என்றால், எல்எஸ்பிஎல்கேயில் எண்ணைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம், மல்டிபாத் தேவையே இல்லை. ஐஸ்கஸியோ ஃபைபர் சேனலோ எஸ்ஏஎஸ் ஜேபாடோ இருந்தால், ஃபார்மேட் செய்யும் முன்பே சிஸ்எஃப்எஸ் எண்ணை எடுத்துப் பெட்டியின் நிர்வாகத் திரையில் தெரியும் லன் அடையாளத்தோடு ஒப்பிட்டு, மல்டிபாத்தை அமைத்து, அதற்குப் பிறகுதான் எல்விஎம்மோ ஃபைல் சிஸ்டமோ. இந்த வரிசை முக்கியம். எஸ்டிபி மேல் நேரடியாக மவுண்ட் ஆகிவிட்ட டிஸ்க்கை மல்டிபாத்தால் பிறகு எடுத்துக்கொள்ள முடியாது, பிஸி என்று விட்டுவிடும். வால்யூம் குரூப்பை நிறுத்தியோ, பூட் ஆகும்போது முதலில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸை மறுபடி கட்டி ரீபூட் செய்தோதான் மாற்ற வேண்டும்.

கட்டியபின் ஒரு சோதனை: ஒரு கேபிளைப் பிடுங்கி மல்டிபாத் -எல்எல் பார்ப்பது. எதிர்பார்த்த பாதைகள் மட்டும் ஃபால்ட்டி ஆகி, மற்றவை ரெடி என்று நின்று, எழுதுவது தொடர்ந்தால் அடையாளமும் சரி, கேபிளும் சரி. ஓப்பன்-ஐஸ்கஸியின் ரீப்ளேஸ்மென்ட் டைம்அவுட் இயல்பாக 120 விநாடி, மல்டிபாத் இருக்கும் சர்வரில் அதை 5 அளவுக்குக் குறைத்துவிட்டுப் பிடுங்குங்கள், இல்லையென்றால் இரண்டு நிமிடம் எல்லாம் உறைந்து நிற்கக்கூடும். பனியன் கம்பெனி என்றால் சனிக்கிழமை வாரச் சம்பளம் போடுகிற அன்று இந்த வேலை வேண்டாம், ஞாயிறு வைத்துக்கொள்ளலாம்.

பல்லடம், உடுமலைப் பக்கத்து ஸ்பின்னிங் மில்லுக்கு அந்த வசதி இல்லை, மூன்று ஷிப்டும் ஓடும், ஞாயிறும் ஓடும். அங்கே எஸ்டிபி மேல் நேரடியாக ஓடிக்கொண்டிருக்கிற சர்வர் கையில் வந்தால், பொங்கல் லீவு வரைக்கும் தள்ளிப்போட வேண்டியதுதான். அதுவரை ஒரு இடைக்கால ஏற்பாடு செய்யலாம்: ஐஸ்கஸிஏடிஎம் செஷன் பட்டியலில் -பி 3 போட்டு எந்த எஸ்டி பெயர் எந்த போர்ட்டலில் இருக்கிறது என்று பார்த்து, எஸ்டிபி தவிர்த்த மூன்று செஷன்களையும் லாக்அவுட் செய்து, ரீபூட்டில் திரும்ப வராதபடி அவற்றின் நோட்.ஸ்டார்ட்அப்பை மேனுவல் ஆக்கிவிடுங்கள். அந்த செஷன்களில் வேறு லன் எதுவும் மவுண்ட் ஆகவில்லை என்று பார்த்த பிறகு. ஒற்றைப் பாதையில் ஓடும், கன்ட்ரோலர் போனால் மில் நிற்கும். அதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.